முதலில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளை வலுப்படுத்த எதற்கு முதலிடம் தர வேண்டும் என்று தங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவரும் கருத்துகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 28 ஆண்டுகள் பணியாற்றி, அவற்றில் கடைசி 11 ஆண்டுகள் ஈராசிரியர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கட்டடம், சுற்றுச்சுவர், கணினி, திறன்மிகு வகுப்பறை எனப் பலரும் பலவற்றை முன்வைத்திருக்கிறார்கள். அவை யாவும் வேண்டியவைதாம். ஆனால் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்ற நிலை மாறாதவரை அவற்றில் எதுவும் பிள்ளைகளின் படிப்புக்கு முழுப் பயன் தராது என்பதை ஒவ்வொரு நாளும் கண்கூடாகப் பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று வகுத்திருக்கிறது. 61 முதல் 90 வரை மூவர், 120 வரை நால்வர், அதைத் தாண்டினால்தான் ஐவர். 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது தலைக்கணக்கில் நல்ல விகிதமே. ஆனால் 40 பேர் படிக்கும் கிராமத்துப் பள்ளியில் அந்த 40 பேரும் ஒரே வகுப்பில் இல்லை. ஒன்றாம் வகுப்பில் எட்டுப் பேருக்குக் கைபிடித்து எழுத்துப் பழக்க வேண்டிய அதே நேரத்தில், பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லித்தர வேண்டும். அடுத்த அறையில் நான்கும் ஐந்தும் இன்னோர் ஆசிரியரிடம் காத்திருக்கும். அரசுப் பள்ளிகளில் 2012-13-இல் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்ட பிறகு, ஒரே வகுப்பில் சிலர் தமிழ்ப் புத்தகத்தையும் சிலர் ஆங்கிலப் புத்தகத்தையும் விரித்துவைத்திருக்க, ஒரே ஆசிரியர் இரண்டு மொழிகளிலும் அறிவியல் நடத்த வேண்டிய நிலையும் எங்களுக்கு வந்தது.

அதுவும் இருவரும் பள்ளியில் இருக்கும் நாளில்தான். தலைமையாசிரியருக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம், உதவி ஆசிரியருக்குக் குறுவள மையத்தில் பயிற்சி, ஒருவருக்கு உடல்நலக் குறைவு என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால், ஐந்து வகுப்புகளும் ஒருவர் பொறுப்பில் வந்துவிடும். எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் பிள்ளைகளின் விவரப் பதிவுகள், உதவித்தொகை விண்ணப்பங்கள், வங்கிக் கணக்கு விவரங்கள் எல்லாவற்றையும் அந்த ஒருவரே பார்க்க வேண்டும். ஒரு முறை நான் கைப்பேசியில் விவரங்களைப் பதிந்துகொண்டிருந்தபோது நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அருகில் வந்து, "டீச்சர், எங்க வகுப்புக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். அன்று மாலைவரை என்னால் அந்த வகுப்புக்குப் போக முடியவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

இந்தக் குறை தன்னைத்தானே பெருக்கிக்கொள்வதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. 62 பேர் இருந்த பள்ளியில் மூன்று குடும்பங்கள் பிழைப்புக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டால் எண்ணிக்கை அறுபதுக்குக் கீழே இறங்கும். மூன்றாவது ஆசிரியர் உபரி எனக் கணக்கிடப்பட்டுப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படுவார். வகுப்பில் ஆசிரியர் இல்லை என்பதைப் பார்க்கும் பெற்றோர் அடுத்த ஜூனில் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூலி வேலை செய்து கட்டணம் கட்டும் தாய், தன் பிள்ளையின் வகுப்பில் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும் என்றுதான் நினைக்கிறாள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், காலையில் வெறும் வயிற்றோடு வந்து முதல் பாடவேளையிலேயே சோர்ந்துபோகும் பிள்ளைகளை அறிந்த எவரும் கைகூப்பி வரவேற்க வேண்டிய திட்டம். 2022-இலேயே வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல முறைதான். ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே செயல்பாடு நடத்தி, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே மதிப்பிட, அந்த அறையில் ஆசிரியர் ஒருவர் நாள் முழுவதும் இருந்தாக வேண்டும்.

அடுத்த தேவை மழலையர் வகுப்பு. தனியார் பள்ளிகள் மூன்று வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. எங்கள் பள்ளிக் கதவு ஐந்து வயதில்தான் திறக்கிறது. எல்.கே.ஜி.க்குப் போய்விட்ட பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு எங்களிடம் திரும்பி வருவது அரிது. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. அதைத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுவர வேண்டும், தனி ஆசிரியரோடு. கழிப்பறையைத் தினமும் கழுவ முழு ஊதியத்தில் ஒரு பணியாளரும் வேண்டும்.

நிதி நெருக்கடியை நான் அறியாமல் இல்லை. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ-க்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததைக் காரணமாக்கி 2024-25-ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கான பணத்தைப் பேரத்தில் வைத்தது பெரும் அநீதி. ஆயினும் கையில் இருக்கும் பணத்தை முதலில் ஆசிரியருக்கே செலவிட வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் சொல்லும் விகிதம் குறைந்தபட்ச அளவுதான். அதற்கு மேலே போக மாநில அரசுக்குத் தடையில்லை. எனவே 30 பிள்ளைகளுக்கு மேல் உள்ள எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் உடனடியாக மூன்று ஆசிரியர்களும், படிப்படியாக வகுப்புக்கு ஒருவரும் என்று அரசாணை வெளியிட வேண்டுகிறேன். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இதையே தீர்மானமாக நிறைவேற்றி, கிராமசபையிலும் வைக்க வேண்டும். அடுத்த ஆகஸ்ட் 1-ஆம் தேதிக் கணக்கெடுப்பு வருவதற்குள் இந்த ஆணை வந்துவிட்டால், மூன்றாவது ஆசிரியரை இழக்கவிருக்கும் பள்ளிகளையாவது காப்பாற்றிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.