சில்வர்டன் போகிற மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பிப்ரவரியில் கொலராடோவின் சில்வர்டன் மலைக்கு ஸ்கீயிங் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து, "வேண்டாம்னு சொல்லுங்க" என்று அம்மா என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். நான் சொல்லப் போவதில்லை. டென்வரில் சம்பாதிக்கிற மகளைப் போனிலேயே தடுத்து நிறுத்திய அப்பா யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். இருப்பது ஒரே ஒரு நாற்காலி லிஃப்ட். கலிஃபோர்னியாவில் மேமத் மலையில் ஓடிய பழையதை வாங்கி மாட்டினார்களாம். 12,300 அடியில் இறக்கிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்கீயைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். மெஷின் விட்டுச் சமப்படுத்திய பாதை ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதிலேயே சாதுவான சரிவே சுமார் 30 டிகிரி. நீ விழுவாய் என்று எனக்குக் கவலை இல்லை. ஆனால் பனிச்சரிவு பெரும்பாலும் கிளம்புவது 30க்கும் 45க்கும் நடுவில்தான். நீங்கள் காசு கொடுத்துத் தேடிப் போவதும் அதே சரிவைத்தான்.

சில்வர்டன் இருக்கிற சான் வான் மலைத்தொடரின் பனி தனி ரகம். அக்டோபர், நவம்பரில் விழுகிற முதல் பனி மெல்லிசாகக் கிடக்கும். கீழே தரையில் மிச்சமிருக்கிற வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர். நடுவில் மாட்டிய பனி ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரை மாதிரி பொலபொலவென்று ஆகிவிடும். அதன் மேல் ஜனவரியில் கனமாகப் பெய்து இறுகிவிட்டால், பார்வைக்கு நல்ல சரிவு, அடியில் பிடிப்பே இல்லை. ஒரு ஆள் பாரம் போதும், மேல்பாளம் முழுதாகக் கழன்று வரும்.

கோலார் தங்கவயலில் கீழே இறங்கி வேலை பார்த்தவனுக்கு இது புது விஷயம் இல்லை. அங்கே பாறை வெடிப்பு, அதாவது அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறுவது. காலையில் தட்டிப் பார்த்த சுவர் மத்தியானம் ஆளை மூடிவிடும். மேஸ்திரி "வெளியே வா" என்றால், வந்த பிறகுதான் ஏன் என்று கேட்போம். நல்லவேளை, பிப்ரவரியில் அந்த மலையில் கைடு இல்லாமல் ஏற விட மாட்டார்களாம். அவர் ஒரு சரிவைப் பார்த்துவிட்டு இன்றைக்கு இது வேண்டாம் என்றால், இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே என்று பேரம் பேசாதே.

போன கோடையில் டுராங்கோவிலிருந்து நீராவி ரயிலில் சில்வர்டன் ஊருக்குக் கூட்டிப் போனாயே, அப்போது கேட்ட கதைதான் இன்னும் மனதில் நிற்கிறது. 1978 ஜூன் 4, அந்த ஊர்ப் பக்கத்து எம்மா ஏரியின் அடி உடைந்து மொத்தத் தண்ணீரும் கீழே இருந்த சன்னிசைட் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை, உள்ளே ஒருவரும் இல்லை. மேட்டில் நிற்கிற ஏசு சிலைதான் காப்பாற்றியது என்று நம்புகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ வார லீவுதான் காப்பாற்றியது.

அந்தச் சுரங்கம் 1991இல் மூடியது. எங்கள் கோலார் சுரங்கத்தை 2001இல் மூடினார்கள். அதற்கடுத்த பனிக்காலத்தில்தான் சில்வர்டனில் லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. நம் ஊருக்கு லிஃப்ட் ஒன்றும் வரவில்லை. தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய சயனைடு மண்மேடுதான் மிச்சம். சரி, அது வேறு புலம்பல்.

பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேடும் பீக்கன், தோண்டும் ஷவல், குத்திப் பார்க்கும் நீளக் கம்பியான ப்ரோப், மூன்றையும் வாடகைக்கு எடுத்தாலும், போவதற்கு முன் பார்க்கில் எதையாவது புதைத்து வைத்துத் தேடிப் பழகு. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் உண்டு. அதற்குள் வெளியிலிருந்து யாரும் வந்து சேர மாட்டார்கள், கூட இருக்கிறவர்கள்தான் தோண்ட வேண்டும். போனைப் பீக்கனுக்குப் பக்கத்தில் வைக்காதே, சிக்னலைக் குழப்பும்.

அப்புறம், சில்வர்டனுக்குப் போகிற 550 நெடுஞ்சாலை. வடக்கே யூரே ஊர் வழியாக வந்தால் 11,018 அடி ரெட் மவுண்டன் கணவாயைத் தாண்ட வேண்டும், பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே இல்லை, பனிச்சரிவுக்காக அடிக்கடி மூடுவார்கள். மூடிவிட்டால் ஊரிலேயே ஒரு ராத்திரி தங்கிவிடு, திங்கட்கிழமை ஆபீஸ் எங்கேயும் போகாது. வண்டியை யார் ஓட்டப் போவது என்று மட்டும் உடனே எழுது. அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா