டர்பன்ல படத்துண்டு காட்டி மனச அளக்குற ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். கல்யாணமாகி சேலத்துலேர்ந்து தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பன்ல இந்தியர்கள் நெறைய இருக்குற சாட்ஸ்வொர்த்துக்கு வந்து 11 வருஷம் ஆச்சு. போன மாசம் எங்க அத்தையக் கூட்டிக்கிட்டு உங்கள்ல ஒருத்தரோட ஸ்டடிக்கு வந்தேன். ஹெட்போன மாட்டிவிட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு படத்துண்டு ஓட்டுனீங்க, ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் கோபம் எவ்ளோ, சோகம் எவ்ளோ, நிம்மதி எவ்ளோன்னு 0லேர்ந்து 8க்குள்ள ஒரு நம்பர் தட்டணும்.

நடுவுல ஒரு பீச் வந்துச்சு. மெதுவா அலை, வெயில், மணல், ஒரு ஈ காக்கா இல்ல. நிம்மதிக்கு அத்தை 1 தட்டினாங்க. அங்க இருந்த ஸ்டூடன்ட் பொண்ணு, பாவம் ரொம்ப மரியாதையான பொண்ணு, "ஆன்ட்டி, தப்பா அழுத்திட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. அத்தை சும்மா சிரிச்சாங்க. கார்ல வரும்போதுதான் பாதி இங்கிலீஷ் பாதி தமிழ்ல, "அந்த மாதிரி பீச்சுல எங்கள விடமாட்டான்மா, வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு போர்டு வெச்சிருப்பான், அப்பா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிடுவாரு"ன்னாங்க. இங்க கடற்கரையெல்லாம் எல்லாருக்கும்னு தொறந்ததே 1989லதான், அப்ப அவங்களுக்கு நாப்பதத் தொடப்போற வயசு.

படத்துண்டு ஏன் காட்டுறீங்கன்னு எனக்குப் புரியுது. ஒருத்தர நெஜமா திட்டி கோபப்படுத்த முடியாது, படம்னா எல்லாருக்கும் ஒரே சீன், ரெண்டு மூணு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். 1995ல க்ராஸ், லெவன்சன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல 250க்கு மேல படம் பார்த்து சலிச்சு, 494 பேருக்குக் காட்டி, நடுநிலையையும் சேர்த்து எட்டு வகைக்கு ரெண்டு ரெண்டா 16 துண்டு எடுத்தாங்க. பெரிய உழைப்புதான், மறுக்கல. ஆனா அதுல கோபத்துக்குன்னு எடுத்த ஒண்ணு 'க்ரை ஃப்ரீடம்' படத்துலேர்ந்து, போலீஸ் போராட்டக்காரங்கமேல பாயுற சீன். நம்ம தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி நடந்தப்போ உள்ள கதைங்க அது! அங்க உக்காந்து பார்க்குறவனுக்கு அது கோபம், சரி. 1976 ஜூன்ல சொவேட்டோவுல போராடுன பள்ளிப் பசங்கள போலீஸ் சுட்ட சேதி வந்த அன்னிக்கு வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு இருந்தவங்களுக்கு அது பயமா, துக்கமா, நம்ம சும்மா இருந்துட்டோமேங்கிற உறுத்தலா? கோபத்த மட்டும் தனியா வரவழைக்கிறது கஷ்டம்னு அந்த ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டிருக்காங்க, இங்க எத்தன கலந்து வரும்னு நெனச்சுப் பாருங்க.

அதனால வேற ஊர் லிஸ்ட்ட அப்படியே எறக்கி ஓட்டாதீங்க. மொதல்ல இங்க இருக்குற தமிழ், ஜூலு பெரியவங்க கொஞ்சப் பேருக்குப் போட்டுக்காட்டி, நம்பர் தட்டினப்புறம் "ஏன்"னு ஒரு வார்த்த கேளுங்க, எந்த பாஷையில சொன்னாலும் எழுதிக்குங்க. போலீஸ் சீன் வரும்னா முன்னாடியே சொல்லிடுங்க, வேணாம்னா எந்திரிச்சுப் போலாம்னும் சொல்லுங்க. கடைசியில ஒரு காமெடி துண்டு போட்டு அனுப்பினா எல்லாம் சரியாயிடும்னு நெனைக்காதீங்க, அத்த அன்னிக்கு ராத்திரி சாப்பிடல.

அப்புறம் அந்த 1. மத்தவங்களோட ஒத்துப்போகலன்னு அதத் தூக்கிடாதீங்க, அவங்க பார்த்துத்தான் தட்டினாங்க. ரெண்டாவது ரவுண்டுக்கு வரச் சொல்லியிருக்கீங்க, வர்றோம். அத்தைக்கு டீ மட்டும் சர்க்கரை இல்லாம வேணுமாம்.