99 சதவீத வாக்குக்குப் பிறகும் ஏன் விமானங்கள் நிற்கவில்லை?

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று, தாமதத்தைப் பொறுத்துக்கொள். அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்தின் விமானிகள் 2022 அக்டோபரில் 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தும் ஒரு விமானம்கூட நிற்கவில்லையே, அது வெறும் மிரட்டலா என்று கேட்டிருந்தாய்.

மிரட்டல் இல்லை. ஆனால் அந்த வாக்கினால் மறுநாளே நிறுத்தும் உரிமை வந்துவிடாது. அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை, 1936-இல் சேர்த்தார்கள். அதன்படி ஊதிய ஒப்பந்தம் காலாவதியே ஆகாது. குறித்த தேதி வந்ததும் 'இனித் திருத்தலாம்' என்றாகும், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும்வரை பழைய சம்பளம், பழைய விதிகள். டெல்டாவுக்கு அந்தத் தேதி 2019 டிசம்பர் 31. நடுவே கொரோனா வேறு. புதிய ஒப்பந்தத்துக்கு விமானிகள் ஒப்புதல் தந்தது 2023 மார்ச் 1-இல்.

முதலில் திருத்தம் கேட்டு நோட்டீஸ், பிறகு நேரடிப் பேச்சு, அதுவும் முறிந்தால் அரசின் தேசிய மத்தியஸ்த வாரியம். வாரியத்துக்குக் காலக்கெடு கிடையாது. சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இனிப் பேசிப் பயனில்லை என்று அதற்கே தோன்றினால் நடுவர் தீர்ப்புக்குப் போகச் சொல்லும். ஒரு தரப்பு மறுத்தால் 30 நாள் காத்திருப்பு. அதற்கப்புறம்தான் வேலைநிறுத்தம். அப்போதும் ஜனாதிபதி அவசரக் குழு அமைத்துத் தடுக்கலாம்: 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நிறுத்திய சில நிமிடங்களிலேயே கிளின்டன் அப்படிச் செய்தார்.

அதனால் நிறுவனத்தைப் போலவே வாரியமும் இந்த வாக்கைப் பார்க்க வேண்டும். 'மத்தியஸ்தத்திலிருந்து விடுவித்தால் நிச்சயம் நிறுத்துவார்கள்' என்று அது நம்பவேண்டும். ஓய்வு நாளில் சீருடையோடு பதாகை பிடித்து நிற்பதும் அதற்காகத்தான். 2010-இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானிகள் எல்லாப் படியையும் கடந்து ஜூன் 12 அன்று நிறுத்தினார்கள். விமானங்கள் மொத்தமும் நின்றன. ஐந்தாம் நாள் உடன்பாடு.

குறுக்கு வழியில் போனவர்களுக்கு அடிதான். 1999 பிப்ரவரியில் ரீனோ ஏர் என்ற விமான நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கிய தகராறில் அதன் விமானிகள் கூட்டமாக சிக் லீவ் போட்டார்கள். நீதிமன்றம் தடுத்த பிறகும் அது உடனே அடங்கவில்லை. சங்கத்துக்கு விழுந்தது 4.55 கோடி டாலர் அபராதம். ஓவர்டைம் அவரவர் விருப்பம்தானே என்று தோன்றும். ஒருவர் தன் சொந்தக் காரணத்துக்கு மறுக்கலாம். நிறுவனத்தை நெருக்கவென்று கூடிப் பேசி மறுத்தால், பேச்சு நடக்கையில் பழைய நிலையைக் குலைத்த குற்றம். டெல்டா விமானிகள் ஓவர்டைம் மறுத்த வழக்கில் 2001 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. விமானிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் செய்திகளே இத்தகைய வழக்குகளில் சாட்சியாகின்றன. கோபத்தில் இருக்கிற உறுப்பினர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் சங்கத் தலைமைக்கு ஆகக் கடினமான வேலை என்பேன்.

புதிய ஒப்பந்தத்தின் ஊதிய உயர்வென்று நீ எழுதியிருந்த 34 சதவீதம், கூட்டு வட்டி போல ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் கணக்கு. கையெழுத்தானதும் 18, பிறகு ஆண்டுக்கு 5, 4, 4. வெறுமனே கூட்டினால் 31-தான் வரும். இழுத்தடித்த காலத்துக்கு ஈடாக 2020, 2021 வருமானத்தில் 4 சதவீதமும் 2022 வருமானத்தில் 14 சதவீதமும் தனியே கிடைத்தன. எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு பிரிவு: யுனைடெட், அமெரிக்கன் விமானிகளின் ஊதியத்தைவிட டெல்டாவின் ஊதியம் குறைந்தது 1 சதவீதமாவது கூடுதலாக இருக்கவேண்டும். அடுத்த நிறுவனத்தின் பேச்சுவார்த்தை முடியும்போது இந்தப் பிரிவையும் சேர்த்துப் பார்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்