ஸ்மார்ட் சுவிட்ச் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அனுப்புங்க: உறையூர் கடையிலேர்ந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். உறையூர் எலக்ட்ரிக்கல் கடையிலேர்ந்து எழுதுறோம், வழக்கமா நம்மகிட்ட ஒயரு, ஃபேனு, மோட்டார் வேலைன்னு வர்றவங்களுக்குத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

கொஞ்ச நாளா ஒரே மாதிரி ஒரு சங்கடம் திரும்பத் திரும்ப வருது. ஆன்லைன்ல ஆஃபர் போட்டான்னு நாலு ஸ்மார்ட் சுவிட்ச், அதான் போன்லேர்ந்தே ஆன் ஆஃப் பண்ற டச் சுவிட்ச், வாங்கிடுறீங்க, அப்புறம் போன் பண்ணி "தம்பி, மாட்டி மட்டும் குடுத்துடுங்க, அரை மணி நேர வேலைதானே"ன்னு சொல்றீங்க. நம்ம பசங்க வந்து சுவத்துல இருக்கிற சுவிட்ச் பாக்ஸைத் திறந்து பாத்துட்டு "சார், இதுல நியூட்ரல் இல்ல, மேலேர்ந்து ஒயரு இழுக்கணும்"னு சொன்னதும் உங்க முகம் மாறுது. பில்லை ஏத்தத்தான் சொல்றாங்கன்னு நினைக்கிறீங்க, தப்பில்ல, உங்க இடத்துல நாங்க இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். அதனாலதான் உக்காந்து எழுதிடலாம்னு.

சாதா சுவிட்சுன்னா அது ஒரு வாசக்கதவு மாதிரி, அவ்வளவுதான். ஃபேஸ் ஒயரு, அதாவது கரண்டைக் கொண்டு வர்ற ஒயரு வரும், சுவிட்ச் போட்டா லைட்டுக்குப் போகும், லைட்டோட இன்னொரு கால் மேலேயே ஜங்ஷன் பாக்ஸ்ல நியூட்ரலை, அதாவது கரண்டு திரும்பிப் போற ஒயரைப் புடிச்சுக்கும். சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையே இல்ல, அதனால அந்தக் காலத்துல ஒயரிங் பண்ணுனவர் ஒயரை மிச்சம் பண்ண நியூட்ரலைக் கீழ எறக்கல, அவர் மேல குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஸ்மார்ட் சுவிட்சுக்குள்ள வைஃபையோட ஒரு சின்ன கம்ப்யூட்டரே இருக்கு, லைட்டு அணைஞ்சிருந்தாலும் அது முழிச்சிருந்தாத்தான் நீங்க போன்ல தட்டுனதும் கேக்கும், அதுக்கு சாப்பாடு வேணும்ல, ஃபேஸும் நியூட்ரலும் ரெண்டும் அந்த பாக்ஸ்லயே வேணும்.

நம்ம ஊர் வீடுகள்ல ஹால்ல பெரிய போர்டு, அதுல பிளக் பாயிண்ட்டும் சேர்ந்திருந்தா பெரும்பாலும் நியூட்ரல் இருக்கும், பிளக்குக்காக எப்படியும் எறக்கியிருப்பாங்க. மாட்டிக்கிறது எங்கன்னா கட்டில் தலைமாட்டு டூ வே சுவிட்ச் (ஒரே லைட்டை ரெண்டு எடத்துலேர்ந்து போடுறது), மாடிப்படி சுவிட்ச், பாத்ரூம் வெளிப்பக்க சுவிட்ச், போர்டிகோ லைட்டு. பிளக் இல்லாம வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கிற சின்ன பாக்ஸ்னா பாதிக்கு மேல சந்தேகம்தான். பழைய வீடுன்னா இன்னும் ஒரு படி மேல, சில வீட்டுல லைட் சர்க்யூட்டுக்கு எர்த்தே கிடையாது, எல்லாம் ஒரே கலர் ஒயரா இருக்கும், எது எங்க போகுதுன்னு ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

"நியூட்ரல் இல்லாமலே வேலை செய்யுற சுவிட்ச் வருதே"ன்னு கேப்பீங்க, வருது. அது லைட்டு வழியாவே துளி கரண்டைக் கசியவிட்டு உயிர் வாழும். பழைய 60 வாட் குண்டு பல்பா இருந்தா அது தெரியவே தெரியாது, இப்ப நம்ம போடுறது 5 வாட், 9 வாட் எல்இடி, அந்தத் துளி கரண்டுலயே ராத்திரி பூரா மங்கலா எரிஞ்சுக்கிட்டு இருக்கும், இல்லைன்னா கண்ணைச் சிமிட்டும். அந்தத் துளி கரண்டை லைட்டுக்குப் பதிலா வாங்கிக்க ஒரு கெப்பாசிட்டர் குடுக்குறாங்க, அதை லைட்டுப் பக்கத்துல மாட்டணும், ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டுல அதுக்கு மேல ஏறித் திறக்கணும். ஒண்ணு ரெண்டு எடத்துக்குன்னா பரவால்ல, வீடு முழுக்க அப்படிப் பண்ணச் சொன்னா நாங்க வேணாம்னுதான் சொல்லுவோம்.

இனிமே சொல்றதுதான் இந்த லெட்டர் எழுதுனதுக்கே காரணம். நியூட்ரல் இல்லாத பாக்ஸ்ல பச்சை ஒயரு, அதாவது எர்த்து, பல நேரம் இருக்கும். அதை நியூட்ரலா புடிச்சு மாட்டுனா சுவிட்ச் ஜம்முனு வேலை செய்யும்! மீட்டர் வச்சுப் பாத்தாலும் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 காட்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 தான் காட்டும், வித்தியாசமே தெரியாது. அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, ஒயரு இழுக்கல, காசு கம்மி, உங்களுக்கும் சந்தோசம். கே.கே. நகர் பக்கம் ஒரு அக்கா வீட்டுல யாரோ இப்படி ஆறு சுவிட்ச் மாட்டிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க, சில மாசம் நல்லாத்தான் ஓடியிருக்கு. அப்புறம் கீசருக்குப் பயந்துகிட்டு எங்ககிட்ட 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதான் கரண்டு எர்த்துக்குக் கசிஞ்சா லைனைக் கட் பண்ற சேஃப்டி சுவிட்ச், போடச் சொன்னாங்க, போட்டோம், அன்னைக்கு சாயங்காலத்துலேர்ந்து வீடே ட்ரிப் ஆகுது, எங்களைத்தான் திட்டுனாங்க. ஒவ்வொரு சுவிட்சும் சும்மா இருக்கும்போதே நாலஞ்சு மில்லி ஆம்ப் எர்த்துல தள்ளுது, ஆறும் சேர்ந்தா ஆர்சிசிபிக்கு அது லீக்கேஜ்தானே, அது அதோட வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுருக்கு.

ட்ரிப் ஆனது கூட நல்லதுன்னுதான் சொல்லுவேன். ஆர்சிசிபி இல்லாத வீட்டை யோசிச்சுப் பாருங்க, வெயில் காலத்துல எர்த்து குழிக்குத் தண்ணி ஊத்துறவங்க யாரு இருக்கா, குழி காஞ்சு கெடக்கும், இல்லைன்னா எர்த்து ஒயரு எங்கயோ விட்டுப்போயிருக்கும். அப்ப சுவிட்ச் வழியா வர்ற கரண்டு போக வழி இல்லாம அதே பச்சை ஒயருல நிக்கும், அந்தப் பச்சை ஒயருதான் உங்க ஃபிரிட்ஜ் பாடியிலயும் வாஷிங் மிஷின் பாடியிலயும் இருக்கு. அதனால எர்த்துல மாட்டித்தரச் சொல்லி யார் கேட்டாலும், எத்தனை வருசப் பழக்கமா இருந்தாலும், நாங்க செய்யமாட்டோம், கோவிச்சுக்காதீங்க.

பக்கத்து போர்டுலேர்ந்து நியூட்ரலைக் கடன் வாங்குறதும் கிட்டத்தட்ட இதே கதைதான். அது வேற சர்க்யூட்டா இருந்தா, ஃபேஸ் ஒரு ஆர்சிசிபி வழியா போயி நியூட்ரல் இன்னொண்ணு வழியா திரும்பும், ரெண்டும் கணக்கு ஒத்துவராம ட்ரிப் ஆகும். இன்வெர்ட்டர் லைன் இருக்கிற வீட்டுல இந்தக் குழப்பம் டபுள். அப்புறம் இன்வெர்ட்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, யூட்யூப் பாத்துட்டு நீங்களே மாட்டலாம்னு ஸ்க்ரூ டிரைவர் எடுக்கிறவங்களுக்கு, ஈபி மெயினை ஆஃப் பண்ணிட்டா எல்லாம் செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க, ஹால் லைட்டு ஃபேனு எல்லாம் இன்வெர்ட்டர் லைன்ல உயிரோடதான் இருக்கும், அதையும் ஆஃப் பண்ணிட்டு டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கைய வைக்கணும். நல்லது என்னன்னா கூப்பிடுங்க, வந்துடுறோம்.

த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரங்க இதையும் கேளுங்க. மழை காத்துல போஸ்ட்லயோ மீட்டர் போர்டுலயோ நியூட்ரல் லூஸாச்சுன்னா ஒரு ஃபேஸ்ல 300 வோல்ட்டுக்கு மேல கூட ஏறிடும், 400 பக்கம் போறதும் உண்டு. முன்னெல்லாம் அந்த நேரத்துல ஓடிக்கிட்டு இருந்த டிவி, பல்பு போகும், சுவிட்ச் ஆஃப்ல இருந்தது தப்பிச்சுக்கும். ஸ்மார்ட் சுவிட்சுக்கு ஆஃப்னு ஒண்ணு இல்லையே, 24 மணி நேரமும் லைன்லதான் இருக்கு, வீட்டுல எத்தனை மாட்டியிருக்கோமோ அத்தனையும் ஒரே நிமிசத்துல போகும். அதனால பத்து சுவிட்சுக்கு மேல போடுறவங்களுக்கு டிபியில, அதாவது மெயின் சுவிட்ச் போர்டுல, ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒண்ணு போடச் சொல்லுவோம், இடி மின்னல்ல திடீர்னு ஏறுற வோல்டேஜைத் தடுக்கிற எஸ்பிடி தனி, மொட்டை மாடியில சோலார் இருந்தா அதுவும் கட்டாயம் போடுங்க.

லோடு விஷயம் சுருக்கமா. 2000 வாட் கீசர் 9 ஆம்ப் கிட்ட இழுக்கும், 3000 வாட்னா 13 ஆம்ப், 10 ஆம்ப் ஸ்மார்ட் பிளக்குல 3000 வாட்டைச் சொருகுனா உருகிடலாம், 2000 வாட்டே விளிம்புலதான் நிக்கும், 16 ஆம்ப் வாங்குங்க. சுவத்துக்குள்ள ஒயரும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும், ஏசிக்கும் கீசருக்கும் நாங்க 4 ஸ்கொயர் (ஒயரோட தடிமன், ஸ்கொயர் எம்எம் கணக்கு), சாதா பவர் பிளக்குக்கு 2.5, லைட்டுக்கு 1.5 போடுறோம். பிளக்கு மேல 16 ஆம்ப்னு எழுதியிருந்தா உள்ள இருக்கிற ஒயரு தடிச்சுடாது, பாருங்க.

மோட்டாரை மட்டும் நேரா ஸ்மார்ட் சுவிட்ச்ல குடுக்கவே குடுக்காதீங்க. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 1000 வாட் கிட்டத்தான் இழுக்கும், 16 ஆம்ப் சுவிட்ச் தாங்குமேன்னு தோணும், ஆனா ஸ்டார்ட் ஆகுற நொடியில அஞ்சாறு மடங்கு இழுக்கும், சுவிட்சுக்குள்ள ஆன் ஆஃப் பண்ற குட்டி ரிலே அதுல பொறி பறந்து ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா ஆப்ல ஆஃப்னு காட்டும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் வெளியூர் கல்யாணத்துக்குப் போயிட்டு அங்கேர்ந்து டேங்க் நிரப்பி ஆஃப் பண்ணிட்டேன்னு நிம்மதியா தூங்கியிருக்காரு, காலையில பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணி "உங்க மாடியிலேர்ந்து அருவி கொட்டுது"ன்னு சொன்னாராம். நடுவுல ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்குற தடி சுவிட்ச், போட்டா தீர்ந்துச்சு, ஸ்மார்ட் சுவிட்ச் கான்டாக்டரை மட்டும் இழுக்கும், மோட்டார் கரண்டை கான்டாக்டர் தாங்கிக்கும்.

ஃபேன்ல பிஎல்டிசி, அதான் கரண்டு கம்மியா இழுக்கிற புது மாடல், வாங்கியிருந்தீங்கன்னா டச் பேனல்ல ஃபேன் ஸ்பீடுன்னு இருக்கிற லைன்ல மாட்டக் கூடாது, ஸ்பீடை அதோட போர்டே பாத்துக்கும், சாதா ஆன் ஆஃப் லைன் போதும்.

வைஃபை பத்தி ஒண்ணே ஒண்ணு. பெரும்பாலான வைஃபை சுவிட்ச் 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் சேரும், 5 ஓட பேசாது, ரவுட்டரை செட் பண்ணும்போது இதுல பாதி நேரம் போகுது. ரவுட்டர் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கட்டும். சுவத்துக்குள்ள இரும்பு பாக்ஸ், நடுவுல ரெண்டு கான்கிரீட் சுவரு, இதுக்கு அப்புறம் கடைசி பெட்ரூம்ல சிக்னல் வரலைன்னா சுவிட்சைக் குறை சொல்லி என்ன பண்றது, ஃப்ளோருக்கு ஒரு கேட் 6 ஒயரு (நெட்வொர்க் கேபிள்) இழுத்து இன்னொரு ரவுட்டர் வைக்கணும்.

புதுசா வீடு கட்டுறவங்க தயவுசெஞ்சு ஸ்லாப் கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க. இப்ப ஸ்மார்ட் எதுவும் வாங்க வேணாம், வேணாம்னே சொல்றேன், அது அஞ்சு வருசத்துல மாறிடும். எல்லா சுவிட்ச் பாக்ஸுக்கும் ஒரு நியூட்ரல், கொஞ்சம் ஆழமான பாக்ஸ், ஜன்னல் மேல கர்டன் மோட்டாருக்கு ஒரு பாயிண்ட், வாசல்லயும் மாடி மூலையிலயும் கேமராவுக்கு கேட் 6, அது கரண்டு ஒயரு போற பைப்புல சேராம தனி பைப்புல, டிபியிலேர்ந்து ஒவ்வொரு ஃப்ளோருக்கும் ஒரு காலி பைப்பு. கார் நிக்கிற எடத்துக்கு 6 ஸ்கொயர் ஒயரு ஒண்ணு, நாளைக்கு எலக்ட்ரிக் கார் வந்தா 7 கிலோவாட் சார்ஜர் மாட்டலாம். பூச்சு முடிஞ்ச சுவத்துல அப்புறம் காடி வெட்டி, பைப் போட்டு, பூசி, பெயிண்ட் அடிச்சுன்னு போற செலவை வச்சுப் பாத்தா இதெல்லாம் இப்ப போடுறது ஒண்ணுமே இல்ல.

கரண்டு பில் ஏறுமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. ஒரு சுவிட்ச் சும்மா இருக்க 1 வாட்னு வச்சுக்கிட்டா, பத்து சுவிட்ச், 60 நாள், 14.4 யூனிட் வரும். பெருசில்ல, ஆனா ரெண்டு மாசத்துக்கு 490 யூனிட் ஓட்டுற வீடா இருந்தா 500ஐத் தாண்டி ரேட்டு ஸ்லாப் மாறிடும், அதை மட்டும் பாத்துக்கோங்க.

இனிமே நாங்க வேலை பாக்கப்போறது இப்படி. எதையும் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி எந்தெந்த சுவிட்ச் மாத்தணுமோ அதை வெளியிலேர்ந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, பாக்ஸை நீங்க கழட்ட வேணாம். போட்டோவுலயே ஓரளவு சொல்லிடுவோம், சந்தேகம்னா ஆள் வந்து திறந்து பாப்பாங்க, அதுக்கு 300 ரூபா, வேலை குடுத்தீங்கன்னா பில்லுல கழிச்சுடுவோம். எங்க நியூட்ரல் இருக்கு, எங்க பழைய பைப்புக்குள்ளயே ஸ்பிரிங் விட்டு ஒயரு இழுக்கலாம், எங்க காடி வெட்டணும்னு பேப்பர்ல எழுதிக் குடுப்போம், அதை வச்சுக்கிட்டு வேற ஆளை வச்சு வேலை பாத்துக்கிட்டாலும் எங்களுக்கு வருத்தமில்ல. ஏற்கனவே மாட்டியாச்சு, ஆனா யாரு மாட்டுனாங்க எப்படி மாட்டுனாங்கன்னு தெரியலைன்னா, இந்த மாசம் முழுக்க அந்தப் பச்சை ஒயரை மட்டும் பாத்துச் சொல்றதுக்குக் காசு வாங்கமாட்டோம். ஞாயித்துக்கிழமை கடை லீவு, மத்த நாள் காலையில ஒன்பதரைக்குத் திறந்துடுவோம்.

இப்படிக்கு
உங்க உறையூர் எலக்ட்ரிக்கல் கடை, திருச்சி