நான்கு பிள்ளைகளுக்கு ஓர் அறை கொடுங்கள்

இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் தொடங்கித் தொண்டி வரையுள்ள கடற்கரைப் பங்குகளின் பங்குத்தந்தையர்களுக்கும், பங்குப்பேரவையினருக்கும், பாடகற்குழுப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா இளையராஜாவின் சிம்பொனியை வாசித்ததிலிருந்து, என்னிடம் வயலின் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் ஒரே கேள்விதான். "மாஸ்டர், அந்தக் கூட்டத்துல உக்காந்து வாசிக்கிறவங்களுக்கு மாசச் சம்பளமா? நம்ம புள்ள அங்க போக முடியுமா?" கடலுக்குப் போகும் அப்பாவும் கருவாடு காயவைக்கும் அம்மாவும் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கேட்கிறார்கள். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தப் பதிலில் பாதி உங்கள் கையில் இருப்பதால், நான்கு பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து வாசித்துப் பழக ஓர் அறை கேட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

சம்பளம் ஊருக்கு ஊர் மாறும். ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. லண்டனில் அப்படியில்லை. ராயல் ஃபில்ஹார்மோனிக், லண்டன் சிம்பொனி போன்றவற்றில் வாசிப்பவர்களுக்கு எத்தனை ஒத்திகை, எத்தனை கச்சேரி, எத்தனை ஒலிப்பதிவு என்று பார்த்துத்தான் பணம். சென்னையில் சினிமா ஒலிப்பதிவுகளுக்கு வாசித்த நாங்கள் கால்ஷீட் கணக்கில் வாங்கினோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவும் ஆண்டு முழுக்க வாசிப்பதில்லை. சீசன் வைத்துத்தான் கச்சேரி. வெளிநாட்டிலிருந்து வந்து வாசிப்பவர்களும் அதில் நிறைய.

உள்ளே நுழைவதும் லேசில்லை. ஒரு நாற்காலி காலியானால் அதற்குப் பெருங்கூட்டம் போட்டி போடும். பல ஊர்களில் தேர்வின் முதல் சுற்றில் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் வாசிக்க வேண்டும். யார், எந்த நாடு, ஆணா பெண்ணா என்று தேர்வாளர்களுக்குத் தெரியாது. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் உறுப்பினராக வேண்டுமென்றால் முதலில் அந்நகர ஓபரா என்ற இசைநாடக அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் இடம் பிடித்து, அங்கே மூன்று ஆண்டு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அங்கே ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்ததே 1997இல்தான். நம் பாடகற்குழுக்களில் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் வயலின் எடுப்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன். இன்று அந்தக் கதவு திறந்திருக்கிறது.

பெற்றோர் கேட்காத ஒன்றும் உண்டு. இத்தனை பாடுபட்டு ஆர்கெஸ்ட்ராவில் இடம் பிடித்தவர்கள் அதோடு நின்றுவிடுவதில்லை. வேலை போக மிச்ச நேரத்தில் மூன்று பேராக, நான்கு பேராக, எட்டுப் பேராகச் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சிறு குழு வைத்துக்கொள்கிறார்கள். பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும், தாழ்ந்த குரல் கொண்ட பெரிய வயலின் மாதிரி) வாசிப்பவர்கள் பன்னிரண்டு பேர் 1972இல் இப்படிச் சேர்ந்தார்கள். ஆட்கள் மாறினாலும் அந்தக் குழு இன்றும் உலகம் சுற்றி வாசிக்கிறது. பாஸ்டன் சிம்பொனியின் முதல் வரிசைக் கலைஞர்களுக்கு 1964 முதல் சொந்தச் சிறுகுழு இருக்கிறது.

இவர்களில் என் மனதை விட்டு நீங்காதவர் ஆர்னால்ட் ரோசே. 1881இல், இளைஞராக, வியன்னா அரசவை ஓபராவின் முதல் வயலின் தலைவரானார். அடுத்த ஓரிரு ஆண்டிலேயே தன் பெயரில் நால்வர் குழு தொடங்கினார்: வயலின் இரண்டு, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, செல்லோ ஒன்று. பகலில் ஒத்திகை, இரவில் ஓபரா, அதற்கு நடுவே நால்வர் குழு என்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது அவர் வாழ்க்கை. இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் முதல் இரண்டு நால்வரிசைகளும் (நால்வர் குழுவுக்கென்றே எழுதிய இசை) 1907, 1908 ஆண்டுகளில் அவர் குழுவின் வாசிப்பில்தான் அரங்கேறின. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தார்கள். யூதர் என்பதால் அத்தனை ஆண்டு வகித்த பதவி ஒரே அடியில் பறிபோனது. எழுபத்தைந்து வயதில் லண்டனுக்குத் தப்பிப் போனார். அவருடைய குழுவின் செல்லோக்காரர் பக்ஸ்பாமும் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் மறுபடி நால்வர் இசை வாசித்தார்கள். பதவியை வியன்னாவில் பிடுங்கிக்கொண்டார்கள். நால்வராக உட்கார்ந்து வாசிக்கும் கலையை யாராலும் பிடுங்க முடியவில்லை.

சிறு குழு ஏன் இவ்வளவு முக்கியம்? நம் கரையில் இதை விளக்குவது எளிது. கரைவலை இழுக்கும்போது ஐம்பது கைகளில் ஒரு கை தளர்ந்தாலும் வலை கரைக்கு வந்துவிடும். வள்ளத்தில் நான்கு பேர் போனால் ஒருவர் கை தளர்ந்தது உடனே தெரிந்துவிடும். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் மட்டும் பதினாறு பேர் வரை ஒரே பகுதியை வாசிப்பார்கள். நால்வர் குழுவில் ஒரு பகுதிக்கு ஒரே ஆள். முன்னால் நின்று கைகாட்டி இசையை நடத்தும் கண்டக்டர் கிடையாது. எங்கே மூச்சு எடுப்பது, வில்லை எந்தப் பக்கம் இழுப்பது, யார் பாட்டு மேலே வரவேண்டும், யார் தணிய வேண்டும் என்பதையெல்லாம் நால்வரும் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பழகிய காது ஆர்கெஸ்ட்ராவில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

நான் சென்னையில் திரைப்பட ஒலிப்பதிவுகளில் இரண்டாம் வயலின் வரிசையில் பல ஆண்டுகள் வாசித்தவன். சின்தசைசரும் கம்ப்யூட்டரும் வந்தபின் ஸ்ட்ரிங்ஸ் கால்ஷீட் எப்படிச் சுருங்கியது என்பதைக் கண்ணால் பார்த்தேன். அருமையான கைகள் வேறு தொழிலுக்குப் போயின. நிலைத்து நின்றவர்களில் பலர் ஏற்கெனவே சிறு குழுவாக வாசித்துப் பழகியவர்கள். கல்யாண வரவேற்போ, ஆலயமோ, பள்ளியோ, அழைத்த இடத்தில் நான்கு நாற்காலி போட்டு வாசிக்க அவர்களால் முடிந்தது. கற்றுக்கொடுக்கவும் முடிந்தது. பின்வரிசையில் ஒரே பகுதியை மட்டும் வாசித்துப் பழகியவர்களுக்கு அந்த வழி கிடைக்கவில்லை.

இனி நம் ஆலயங்களுக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் எல்லோரும் பாட்டின் மெட்டையே சேர்ந்து வாசிக்கிறார்கள். ஐந்து வயலின் இருந்தாலும் ஐந்தும் ஒரே சுரம். பக்கத்தில் கீபோர்டில் "ஸ்ட்ரிங்ஸ்" ஒலியைப் போட்டுவிட்டால் அந்த ஐந்தும் கேட்காது. திருவிழா வந்தால் இன்னும் பெரிய ஸ்பீக்கர், புது ரிதம் பேடு. எந்தப் பங்கையும் குறித்துச் சொல்லவில்லை. கரை முழுக்க இதுதான் வழக்கம். வேறு எங்காவது கற்கலாம் என்றால் இடமில்லை. இராமநாதபுரம் அரசு இசைப்பள்ளியில் வயலின் உண்டு, ஆனால் அது கர்நாடக முறை. வயோலாவும் செல்லோவும் கற்க வேண்டுமென்றால் நம் ஆலய வளாகத்தை விட்டால் பிள்ளைகளுக்குப் போக்கிடம் கிடையாது.

"கோயில் வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்களுக்கு இசையமைப்பாளர் ஹேடனின் கதையைச் சொல்கிறேன். 1750களின் பிற்பகுதி. வியன்னாவுக்கு வெளியே ஃபூர்ன்பெர்க் என்ற பிரபு தன் பண்ணை வீட்டில் வாசிக்க ஆள் திரட்டினார். கிடைத்தவர்கள் நான்கு பேர்: அவருடைய பங்கின் குரு, பண்ணை மேலாளர், ஒரு செல்லோக்காரர், இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஹேடன். இந்த நால்வருக்காகத்தான் ஹேடன் தன் முதல் நால்வரிசைகளை எழுதினார் என்று, அவரை நேரில் கண்டு வரலாறு எழுதிய கிரீசிங்கர் சொல்கிறார். மேலை இசையின் இவ்வளவு பெரிய மரபின் தொடக்கத்தில் ஒரு பங்குத்தந்தை வில்லைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார், சாமி!

செக் இசையமைப்பாளர் ட்வொர்ஷாக்கும் அப்படித்தான். கசாப்புக்காரர் மகன். பிராகில் நாடக அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் ஒன்பது ஆண்டு போல வயோலா வாசித்துத்தான் பிழைத்தார். பேரும் புகழும் வந்தபின், 1893 கோடையில் அமெரிக்காவில் செக் மக்கள் வாழ்ந்த ஸ்பில்வில் என்ற சிற்றூரில் தங்கி ஒரு நால்வரிசை எழுதினார். அதை முதலில் வாசித்துப் பார்த்தது அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியரும் அவர் பிள்ளைகளும், கூட ட்வொர்ஷாக்கும். பெரிய மண்டபமோ மேடையோ அதற்குத் தேவைப்படவில்லை.

நான் கேட்பது பெரிய செலவில்லை. அடுத்த கீபோர்டையோ ஸ்பீக்கரையோ ஒரு வருடம் தள்ளிப்போட்டு, இரண்டு மூன்று பங்குகள் சேர்ந்து ஒரு வயோலாவும் ஒரு செல்லோவும் வாங்குங்கள். வயலின் ஓரளவு வரும் பிள்ளை சில மாதத்தில் வயோலாவுக்கு மாறிவிடும். வயோலா வாசிப்பவர்கள் எங்கும் குறைவு என்பதால் நாளைக்கு வாய்ப்பும் கூடும். பாட்டுப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். நான்கு குரலில் எழுதிய பாடல்கள் நம்மிடமே இருக்கின்றன. சோப்ரானோ முதல் வயலினுக்கு, ஆல்ட்டோ இரண்டாம் வயலினுக்கு, டெனர் வயோலாவுக்கு, பேஸ் செல்லோவுக்கு. முதல் நாளே தொடங்கிவிடலாம்.

பூசைக்குப் பின் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையும் வேண்டும். கடல் பக்கம் சன்னல் இல்லாத அறையாக இருந்தால் நல்லது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். ஈரம் ஏறினால் வாத்தியத்தின் ஒட்டுப்பசை விட்டுவிடும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்துப் பெட்டியில் மூடி வைத்தால் போதும். அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுவது என் வேலை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளியும் பெரும்பாலும் விடுமுறை. செல்லோவைத் தூக்கிக்கொண்டு வர அப்பாக்களுக்கும் நேரம் இருக்கும். அந்த இரண்டு மாதம் மாலைதோறும் அறையைக் கொடுத்தால், ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்கு ஒரு நால்வர் குழுவை என்னால் தயார் செய்ய முடியும். கட்டணம் வேண்டாம். அந்த ஒரு பூசையில் காணிக்கைப் பாடலின்போது மட்டும் கீபோர்டை நிறுத்தி வையுங்கள், மைக் இல்லாமல் அவர்கள் வாசிக்கட்டும்.

எந்தப் பங்கில் அறை கிடைக்கும் என்பதைத் தவக்காலம் முடிவதற்குள் பாடகற்குழுப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால் போதும். நான் நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வயலின் ஆசிரியர்