தரகர் ஐயாவுக்கு, நான் என்ன சாப்பிடுகிறேன் என்று

அன்புள்ள தரகர் ஐயாவுக்கு,

போன புதன்கிழமை உச்சி வெயிலில் குடையை மடக்கிக்கொண்டு வந்து, விறாந்தைக் கதிரையில் இருந்து, மண்பானைத் தண்ணீர் இரண்டு செம்பு குடித்தீர்கள். குடித்து முடிந்ததும் என் குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தீர்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. "தனிய இருந்து என்னத்தைப் பிள்ளை சாப்பிடுறீர்?" என்று கேட்டீர்கள்.

நான் வாய் திறக்க முதல் உங்கள் பைல் திறந்துவிட்டது. கிளிநொச்சி உத்தியோகத்தர், சுவிஸ் மாப்பிள்ளை, மல்லாவியில் ஒரு தாரமிழந்தவர் என்று ஒவ்வொரு சாதகக் குறிப்பாக எடுத்துக் காட்டினீர்கள். பிறகு மூன்றரை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டீர்கள். கேள்வி விறாந்தையிலேயே கிடந்தது. கூடவே பைலும் கிடந்தது. அது பத்திரமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

போன் எடுத்துப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள்தான் கதைப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் மகள் வாசித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன். இதே கேள்வியை இதே முகத்தோடு கேட்கிற இன்னும் பத்துப் பேராவது ஊரில் இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

காலையில் பழஞ்சோறு, ஐயா. சித்திரை பிறந்து வெயில் நடுமண்டைக்கு வந்த நாளிலிருந்து ஆவணி வரை பெரும்பாலும் அதுதான். இரவு மிஞ்சின சிவப்பரிசிச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்தால், விடியச் சட்டியின் வெளிப்பக்கம்கூடக் குளிர்ந்திருக்கும். முதலில் அந்தத் தண்ணீரை வடித்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டு ஒரு கோப்பை. அது முதல் பந்தி. பிறகு சோற்றைப் பிழிந்து எடுத்து நேற்றைய மீன்குழம்புச் சட்டிக்குள் போட வேண்டும். இதில்தான் விசயம் இருக்கிறது. குழம்பை அள்ளிச் சோற்றில் விடக்கூடாது. சோறுதான் சட்டிக்குப் போக வேண்டும். சட்டியின் சுவரில் வற்றி ஒட்டிக் கிடக்கிற குழம்பு, சோற்று ஈரம் பட்டதும் இளகி வரும். அதை விரலால் வழித்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு, தயிர் ஒரு கை விட்டுக் குழைக்க வேண்டும். எருமைத் தயிர் என்றால் இரண்டு கை.

மீன் இரணைமடுக் குளத்துத் திலாப்பியா. அது இந்த மண்ணின் மீனே இல்லை. 1952இல்தான் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். விரால்தான் எங்கள் மீன் என்று பழைய ஆட்கள் இன்னும் முகம் சுளிப்பார்கள். ஒரு இரவு குழம்பில் கிடந்தால் அதுவும் சொந்தக்காரன் மாதிரித்தான் இருக்கும், என்னைக் கேட்டால்.

அம்மா இருந்த காலத்தில் அவதான் குழைப்பா. சுற்றிவர நாங்கள் நாலு பிள்ளைகள், ஆளுக்கொரு உருண்டையாக உள்ளங்கையில் வைப்பா. சட்டியின் அடியை வழித்த கடைசி உருண்டை யாருக்கு என்பதில் தினமும் அடிபாடு. இப்போது முதல் உருண்டையும் எனக்கு, கடைசி உருண்டையும் எனக்கு. கவலைப்பட வேண்டிய விசயமா இது, நீங்களே சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் சுவரைத் தட்டிப் பார்த்ததை நான் கண்டேன். நல்ல சுவர்தான். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாயும் அம்மாவின் இரண்டு காப்பும் சேர்ந்த சுவர். சண்டை முடிந்து 2010இல் நாங்கள் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, கிணற்றுக்குள் என்னென்னவோ கிடந்தது. கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் நின்றது. அதற்கு முந்தைய மாதங்களில் செட்டிகுளம் அகதி முகாமில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்று சாப்பிட்டோம். அவர்கள் தருகிற நேரம்தான் பசிக்கிற நேரம். அம்மா அங்கே நகையும் கேட்கவில்லை, காணியும் கேட்கவில்லை. "என்ரை அடுப்பில, என்ரை நேரத்துக்கு ஒரு தேத்தண்ணி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தா. வந்து ஆறாம் நாள் மாமரத்தடியில் மூன்று கல் வைத்து அந்தத் தேத்தண்ணியை ஊற்றினா. அந்தக் கல்லு மூன்றும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. 2022இல் ஊரெல்லாம் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது நான் அந்தக் கல்லடுப்பில் சமைத்தேன். வரிசை என்றாலே எனக்கு வயிறு கலங்கும்.

ஆகவே, ஐயா, நீங்கள் வந்த நேரம் என் அடுப்பு சும்மா கிடந்ததற்குக் காரணம் தனிமை இல்லை. எனக்குப் பசி வரவில்லை, அவ்வளவுதான். நாலு மணிக்கு வந்தது. நாலு மணிக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்து, பச்சை மிளகாய்ச் சம்பலோடு சாப்பிட்டேன். மத்தியானச் சாப்பாடு ஏன் பிந்தியது என்று கேட்க ஆள் இல்லை. இது எவ்வளவு பெரிய வசதி என்று ஒரு ஆண்பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம்.

சாப்பிட்டால் மாமரத்துக்குக் கீழே பாய். சோளகக் காற்று வீசுகிற மாதங்கள் இவை. வெளியில் புழுதி பறந்தாலும் மரத்தடியில் இதமாக இருக்கும். கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோல் பச்சையாகவே நிற்கும். கண்ணால் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியாது, காம்படியில் மூக்கை வைத்து மணந்துதான் பார்க்க வேண்டும். கத்தி வேண்டாம். சாறு முழங்கைக்கு ஓடட்டும், பக்கத்தில் வாய்க்கால் இருக்கிறது.

அந்த வாய்க்காலுக்குக் கிட்ட உங்கள் சுவிஸ் நாட்டு ஆறெல்லாம் வர முடியாது. நான் விவசாயப் போதனாசிரியர் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. வன்னியில் இந்த மாதங்களில் மழை இல்லை, மற்ற இடமெல்லாம் காய்ந்து மண்ணிறமாகக் கிடக்கும். எங்கள் பக்கம் மட்டும் பச்சையாக இருப்பது இரணைமடுத் தண்ணீரால். மாரியில் குளம் பிடித்து வைத்த தண்ணீரை அளந்து பார்த்து, கமக்காரர் கூட்டம் கூடி, இத்தனை ஏக்கர்தான் சிறுபோகம், அதாவது கோடை விதைப்பு, என்று பங்கு போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நடக்கிற சண்டையைப் பார்த்தால் கலியாணப் பேச்சு ஒன்றுமே இல்லை. ஆனால் சண்டை முடிந்து குளத்துக் கதவு திறந்தால், என் வேலிக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீர் ஓடும். பின்னேரம் ஐந்தரைக்கு அதில் இறங்கி இருந்தால் நாள் முழுக்க வயலில் நின்ற சூடு கால்வழியே இறங்கிப் போகும்.

இனி, "தனிய" என்ற சொல்.

சனிக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர். ஒருத்தி நேர்ஸ், ஒருத்தி கணக்கு ரீச்சர், ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள், நான். நேர்ஸ் கட்டிப் பிரிந்தவள். ரீச்சருக்கு என்னைப் போல அந்த எண்ணமே வரவில்லை. தையல்காரியின் புருசன் 2009 சண்டைக்குப் பிறகு வரவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு அவள் ஏறாத படியில்லை. நீங்கள் எல்லோரையும் ஒரே பைலில் "தனிய இருக்கிற பொம்பிளையள்" என்று போட்டு வைத்திருக்கிறீர்கள். என்னிடம் எத்தனை தரமும் வாருங்கள், எனக்குப் பொழுது போகும். அவளிடம் நீங்கள் மல்லாவிக் குறிப்பைக் கொண்டுபோனது சரியில்லை, ஐயா. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

சரி. சனிக்கிழமைக் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைப் பின்னேரமே தண்ணீரில் ஊறப்போட்டு, கயர் போக வடித்து வைப்பது ரீச்சரின் பொறுப்பு, கணக்காகச் செய்வாள். நேர்ஸின் அம்மா வீடு முல்லைத்தீவுப் பக்கம். அவள் வீட்டுக்குப் போய் வந்தால் பைக்குள் நந்திக்கடல் இறால். நண்டும் மீன்தலையும் சந்தையில் வாங்குவோம். பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளித் துண்டு, ஒரு பிடி அரிசி எல்லாம் பெரிய பானையில் அவிய, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டைக் கரைத்து விட்டு, பழப்புளி விட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். துழாவுகிற கை நிற்கக்கூடாது, நின்றால் கட்டி பட்டுவிடும். இறக்கும்போது முருங்கை இலை. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் வார்த்து ஊதி ஊதிக் குடிப்போம். வெக்கை காலத்தில் இந்தச் சூட்டையும் உறைப்பையும் குடித்து வேர்த்துக் கொட்டின பிறகு படுகிற காற்று இருக்கிறதே, அதற்குக் கிட்ட எந்த ஏசியும் நிற்காது.

ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்ச முடியாது, ஐயா. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் பானை நிறைந்துவிடும். என் வீட்டில் கிழமைக்கு ஒரு பானை முடிகிறது. மிச்சத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

போன மாதம் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கும் நாங்கள் நாலு பேரும் வான் பிடித்துத்தான் போனோம். உப்புநீரில் விளக்கெரிகிறதைப் பார்த்துக் கும்பிட்டு, விடிய விடிய மணலில் இருந்து கதைத்தோம். என்ன வேண்டினாய் என்று ரீச்சர் கேட்டாள். தையல்காரியைத் தவிர மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

நீங்கள் போன அன்று பின்னேரம் நேர்ஸ் மாங்குளத்தில் இருந்து வந்தாள். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வழியில் விற்ற பாலைப்பழம் நாலு சுண்டும் வாங்கி வந்திருந்தாள். காட்டில் கரடியும் பாலை மரத்தடியில் நிற்கிற காலம் இது. வருடத்தில் சில கிழமைகள்தான் கிடைக்கும். சிலபேர் பழத்துக்காகக் கொப்பையே வெட்டி விழுத்துகிறார்கள். அடுத்த வருடம் எங்கே பறிக்கப் போகிறார்களோ தெரியாது. எங்கள் பழம் உலுப்பிப் பொறுக்கினது என்று விற்ற கிழவி சத்தியம் பண்ணினாளாம். விரல் நுனியளவு மஞ்சள் பழம். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு பால். பத்துப் பழத்தோடு இரண்டு உதடும் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு தொடங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் செய்வதில்லை. விறாந்தை வாங்கில், கதிரைக் கையில், என் போனில், எல்லாவற்றிலும் பால். ஒரு மணி நேரம் ஒருத்தியும் வாய் திறக்க முடியாமல் கண்ணாலேயே சிரித்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. போன புரட்டாதியில் கரண்ட் இல்லாத ஒரு இரவு குசினிக்குள் சாரைப்பாம்பு வந்தது. நான் மேசைக்கு மேல் ஏறி நின்று பக்கத்து வீட்டு அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் வரமுதல் பாம்பு தன்பாட்டில் போய்விட்டது. ஆனாலும் மேசையில் இருந்து இறங்க எனக்கு ஒரு மணி நேரம் எடுத்தது. "காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் ஆர் பாக்கிறது?" என்று நீங்கள் போகும்போது படலையில் நின்று கேட்டீர்கள். மார்கழியில் டெங்கு வந்தது. நேர்ஸ் மூன்று இரவு என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். மல்லி அவித்த தண்ணீரைக் குடி குடி என்று ஏசினாள். ரீச்சர் கஞ்சி கொண்டுவந்தாள், உப்பு மறந்துபோய். மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் சிலவேளை வீடு பெரிதாகத்தான் இருக்கிறது. அதை யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பின்னேரத்துக்காகச் சுவிசுக்குப் போக முடியாது.

இன்னொன்று. கிளிநொச்சி மாப்பிள்ளை வீட்டார் இந்த வீடு என் பேரில் இருக்கிறதா என்று கேட்டதாகச் சொன்னீர்கள். என் பேரில்தான். சீதனமாக எழுதிக் கொடுத்தால் பிறகு மாமரத்தடியில் யார் பாய் போடுவது, பழஞ்சோற்றின் கடைசி உருண்டை யாருக்கு, கூழ்ப்பானையைச் சனிக்கிழமை இறக்கலாமா என்று எல்லாம் கேட்டுச் செய்ய வேண்டி வரும். முப்பத்தெட்டு வயதில் கேட்டுச் சாப்பிடப் பழக எனக்குப் பஞ்சியாக இருக்கிறது.

சரி, பைல். நீங்கள் விட்டுப்போனதும் அது வாங்கிலேயே கிடந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. அடுத்த நாள் காலை எடுத்துப் பார்த்தால் பாலைப்பழப் பால் வழிந்து இரண்டு குறிப்பு ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருக்கிறது. ஒன்று சுவிஸ் மாப்பிள்ளையினுடையது. மற்றது என்னுடையது இல்லை. பின்னால் செருகியிருந்த, விசுவமடுவில் யாரோ ஒரு பெண்பிள்ளையினுடையது. எண்ணெய் போட்டால் விடும், ஆனால் எழுத்தும் போய்விடும் என்பதால் நான் கை வைக்கவில்லை. வாற சனிக்கிழமை வந்து கூழும் குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பிரிக்க முதல் இரண்டுக்கும் ஒருதரம் பொருத்தம் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வட்டக்கச்சிப் பிள்ளை