பியர் ஆலைக்காரர்களே, அடைத்த தேதியைப் போடுங்கள்

கிராஃப்ட் பியர் தயாரிக்கும் சிறு ஆலைக்காரர்களுக்கும், அதைக் குழாயிலிருந்து ஊற்றித் தரும் பார் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பியரைக் காசு கொடுத்து வாங்கிக் குடிப்பவர்களில் நானும் ஒருவன். புதிதாக என்ன வந்திருக்கிறது, எப்படி இருக்கிறது என்று என்னைப் போன்ற ஆர்வலர்களுக்கு எழுதியும் வருகிறேன். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, லேபிளை மறைத்துவிட்டு, சின்ன கிளாஸ்களில் ஊற்றி, முகர்ந்து, சண்டை போட்டு, கடைசியில் குறிப்பெடுக்கிற வேலை. கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஒழுங்காகச் செய்ய ஒரு தகவல் வேண்டும், அதை உங்களில் பலர் தருவதே இல்லை. இந்தப் பியரை என்றைக்குக் கேனில் அடைத்தீர்கள்?

புது வெளியீடு பற்றி நீங்கள் அனுப்பும் செய்தியில் மற்ற எல்லாம் இருக்கிறது. பெயர் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு சிலேடையோடு. லேபிள் ஓவியம் யார் வரைந்தது என்று இருக்கிறது. கசப்புக்கும் வாசத்துக்கும் எந்த ஹாப்ஸ் பூவைப் போட்டீர்கள், எத்தனை சதவீத ஆல்கஹால், வாயில் வைத்தால் என்னென்ன பழமெல்லாம் வந்து போகும் என்று நீளமாக இருக்கிறது. அடைத்த தேதி மட்டும் இல்லை. கேனைக் கவிழ்த்துப் பார்த்தால் சிலவற்றில் 'இந்தத் தேதிக்குள் குடிக்கவும்' என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓர் ஆலை நாலு மாதம் கொடுக்கிறது, இன்னொன்று ஒரு வருடம் கொடுக்கிறது. எங்கிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வேறு சிலர் குறியீடாக அச்சிடுகிறார்கள். 047 என்றால் வருடத்தின் 47வது நாள், அதாவது பிப்ரவரி 16. ஆலைக்குள் கணக்கு வைக்க அது சரி. கடை அலமாரி முன்னால் நிற்கிறவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க முடியுமா?

தேதிக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இது திறந்த மடல், மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் அவர்களுக்காகக் கொஞ்சம்.

ஹாப்ஸிலிருந்து வரும் கசப்பு வேறு, வாசம் வேறு. கொதிக்கும்போது அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன. வாசமோ அதன் எண்ணெய்களில் இருக்கிறது: மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்றவை. கொதியில் இவற்றில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் கொதி அடங்கி, பியர் நொதிக்கும்போதோ நொதித்து முடிந்த பிறகோ மறுபடி ஹாப்ஸைக் கொட்டுகிறீர்கள். டிரை ஹாப்பிங் என்று பெருமையாக லேபிளில் போடுவதும் அதைத்தான். இவ்வளவு செலவழித்துச் சேர்த்த வாசம் கேனுக்குள் அப்படியே உட்கார்ந்திருப்பதில்லை. முதலில் மங்குவது அந்தப் பழ வாசம். கசப்பும் மெல்ல இறங்கும். அதுவரை பின்னால் இருந்த மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின், இனிப்பு தேன்போல முன்னுக்கு வந்து நிற்கும். அடைக்கும்போது கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே மாட்டிக்கொண்டால் எல்லாமே இன்னும் வேகமாக நடக்கும். பழைய லாகர் வகைப் பியரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வருகிறதே, அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் டிரான்ஸ்-2-நோனெனால் என்ற பொருள் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

இதில் அதிகம் அடிபடுவது ஹேஸி ஐபிஏ. ஐபிஏ என்பது ஹாப்ஸ் தூக்கலான பியர் வகை, ஹேஸி என்பது அதில் ஒன்று. ஓட்ஸ், கோதுமை சேர்த்து, கசப்பைக் குறைத்து, கடைசிக் கட்டத்தில் ஹாப்ஸைக் குவித்துச் செய்கிற அந்தக் கலங்கலான பியர். அமெரிக்கப் பியர் ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷன் அதைத் தனி வகையாகத் தன் பட்டியலில் சேர்த்தது 2018இல்தான். இன்றைக்கு ஆர்வலர்கள் வரிசையில் நின்று வாங்குவதும் அதைத்தான். ஆக்சிஜன் பட்டால் பளிச்சென்ற மஞ்சள் பழுப்பேறி, அழுக்குச் சாம்பல் நிறத்துக்கே போய்விடும். உங்கள் சரக்கிலேயே மிக நொய்ந்தது எதுவோ அதைத்தான் தேதியில்லாமல் அனுப்புகிறீர்கள்.

சூடு இன்னொரு பக்கம். அமெரிக்க ஆலைக்காரர்களிடையே 3-30-300 என்றொரு கணக்கு புழங்குகிறது. சுமார் 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்று இடத்திலும் பியருக்கு ஏறக்குறைய ஒரே அளவு வயது கூடும் என்பது அதன் சாரம். கைக்கணக்குதான், எல்லாப் பியருக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்தாது. ஆனால் குளிரூட்டாத லாரியில் போய்க் கிடங்கில் ஒரு வாரம் கிடந்த ஐபிஏ என்ன ஆகும் என்று அதைப் பார்த்தாலே புரியும். சரி, லாரி உங்கள் கையில் இல்லை என்பீர்கள். தேதி உங்கள் கையில்தானே இருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன், பெயர் வேண்டாம். எங்கள் கூட்டத்தில் ஓர் ஐபிஏவை லேபிள் மறைத்துச் சுவைத்தோம். தட்டையாக இருக்கிறது, வாசமே இல்லை, பின்வாயில் அட்டை என்று ஒருவர் பாக்கியில்லாமல் எழுதினார்கள். நானும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஆலையைச் சேர்ந்தவர் மறுநாளே கூப்பிட்டார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் பேசினார். "நீங்க குடிச்சது பழைய கேனா இருக்கும் சார்" என்றார். இருக்கலாம் சார், எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். கேனில் எங்கேயும் தேதி இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆலையிலிருந்து நேராகப் புதிதாக ஒரு கேன் கொடுத்தனுப்பினார். அடுத்த கூட்டத்தில் இன்னதென்று சொல்லாமல் அதை ஊற்றினேன். இரண்டும் ஒரே பியர் என்று பிறகு சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை.

இப்போது இதை மதிப்பெண்ணாகப் பாருங்கள். பியர் நடுவர்களுக்கான பிஜேசிபி அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. காலம் முதலில் கை வைப்பது வாசத்திலும் சுவையிலும்தான். இரண்டும் சேர்ந்து 32. வயது தெரியாத ஐபிஏவுக்கு நான் போடும் மதிப்பெண் உங்கள் திறமைக்கா, கிடங்கில் கிடந்த நாட்களுக்கா என்று எனக்கே தெரியாது. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

இதையெல்லாம் முன்பே யோசித்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்டோன் ஆலை 'என்ஜாய் பை' என்ற வரிசையில் குடித்து முடிக்க வேண்டிய தேதியைப் பியரின் பெயராகவே வைத்தது. ரஷ்யன் ரிவர் ஆலையின் பிளைனி தி எல்டர் பாட்டிலில், சேமித்து வைக்காதே, புதிதாகவே குடி என்று லேபிள் முழுக்கக் கெஞ்சுவார்கள். பெரிய கம்பெனிகூட இதில் உங்களுக்கு முந்தியதுதான்: பட்வைசர் 1996இலேயே 'பிறந்த தேதி' என்று அச்சிட்டு அதை விளம்பரமாகவே ஆக்கியது. பட்வைசரைக் கிண்டல் செய்யாத கிராஃப்ட் பியர் மேடை உண்டா? இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்ததைச் செய்யாமல் விட்டுவிட்டுக் கிண்டல் மட்டும் செய்வது நன்றாக இல்லை.

தேதி என்றாலே பழசு பற்றிய பயம் என்று நினைத்துவிட வேண்டாம். பெல்ஜியத்தின் ஓர்வால் மடாலயப் பியரை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். அது பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். இளசாக இருக்கும்போது ஹாப்ஸ் கசப்பும் வாசமும் தூக்கலாக இருக்கும்; வயதாக ஆக இனிப்பு வற்றி, தோலும் தொழுவமும் கலந்த மாதிரி ஒரு வாசம் ஏறும். எந்த வயதில் குடிப்பது நல்லது என்று ஓர்வால் ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். அடைத்த தேதி லேபிளிலேயே இருப்பதால்தான் அந்தச் சண்டைக்கே அர்த்தம் இருக்கிறது. அமெரிக்காவின் சியரா நெவாடா ஆலையின் பிக்ஃபுட் பார்லி வைனில் (பெயரில்தான் வைன், ஆல்கஹால் அதிகமுள்ள பியர்தான்) ஒவ்வொரு வருடமும் ஆண்டைப் போடுகிறார்கள், வாங்கி அடுக்கி வைத்து வருடங்களை ஒப்பிட்டுக் குடிப்பதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களில் இம்பீரியல் ஸ்டவுட் என்ற திடமான கறுப்பு பியர் செய்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான விளம்பரம் வேறென்ன கிடைக்கும்?

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. தேதி போட்டால் கடைக்காரர் பழையதைத் திருப்பி அனுப்புவார். வாங்க வருகிறவர் அலமாரியின் பின்வரிசைக்குள் கையை விட்டுப் புதியதை உருவுவார், முன்வரிசை அப்படியே தேங்கும். சின்ன ஆலைக்கு ஒரு தொகுதி திரும்பி வந்தாலே அந்த மாதக் கணக்கு உதைக்கும். உண்மையான நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் தேதி இல்லாதபோது அந்த நஷ்டம் எங்கே போகிறது என்று யோசியுங்கள். நாள்பட்ட கேனைக் குடித்தவர் 'இது நாள்பட்டது' என்று நினைக்கமாட்டார், நினைக்கவும் வழியில்லை. 'இந்த ஆலையின் பியர் இவ்வளவுதான்' என்று நினைப்பார். அடுத்த முறை கை வேறு கேனுக்குப் போகும். உங்களிடம் புகார்கூடச் சொல்லமாட்டார். திரும்பி வரும் கேன்களையாவது எண்ணிவிடலாம், இப்படிப் போகிறவர்களை எப்படி எண்ணுவீர்கள்? விற்கிற வேகத்துக்குத் தகுந்தபடி தொகுதியைச் சின்னதாக்குங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அது உங்கள் தொழில், அதற்குமேல் நான் பேசவில்லை.

பழக்கூழ் கொட்டிச் செய்யும் புளிப்பு பியர்களுக்கு இது ருசியோடு நிற்கிற விஷயமில்லை. நொதிக்காத சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் ஒரே கேனில் இருந்து, வெளியே சூடாகவும் இருந்தால் கேன் உப்பும், வெடிக்கவும் செய்யும். 'குளிரில் வைக்கவும்' என்பதைக் கண்ணாடி போட்டுப் படிக்கிற எழுத்தில் போடாதீர்கள்.

பச்சைப் பாட்டிலில், நிறமில்லாத பாட்டிலில் ஹாப்ஸ் நிறைந்த பியரை அடைப்பதையும் விட்டுவிடுங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை ஒத்த ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும், கேன் முழுவதும் காக்கும். இது தெரிந்தும் அழகுக்காகச் செய்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

அப்புறம், பார்க்காரர்களே. ஆலைக்காரர் தேதி போட்டு, குளிரில் கொண்டுவந்து இறக்கினாலும், உங்கள் குழாயில் எல்லாம் கெட்டுப்போகலாம். ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் கையேடு 14 நாட்களுக்கு ஒருமுறை குழாய்களைக் காரக் கரைசலால் கழுவச் சொல்கிறது. கழுவாத குழாயில் பாக்டீரியா படிந்தால் வெண்ணெய் வாசம் வரும், அதைத் தரும் பொருளின் பெயர் டைஅசிட்டைல். புளித்த காடி வாசமும் வரும். குடிக்கிறவர் அதற்கும் ஆலையைத்தான் திட்டுவார். உங்களிடம் நான் கேட்பது, பலகையில் பியரின் பெயருக்குப் பக்கத்தில் கெக் (பியர் வரும் உலோகப் பீப்பாய்) திறந்த தேதியையும் எழுதுங்கள் என்பதுதான். ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். கிளாஸை ஃப்ரீசரில் வைத்து உறைபனியோடு நீட்டுவதையும் நிறுத்தினால் சந்தோஷம். நாக்கு மரத்துப் போய்விட்டால் நல்ல ஸ்டவுட்டும் மட்டமான ஸ்டவுட்டும் ஒன்றுதான்.

குடிப்பவர்கள் கேட்டு என்ன நடந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். பிரிட்டனில் கேம்ரா என்ற அமைப்பை 1971இல் தொடங்கியவர்கள் நாலே பேர். ஆலை அதிபர்கள் இல்லை, வெறும் வாடிக்கையாளர்கள். பீப்பாயிலேயே நொதித்து முதிரும் பழைய பாணி ஏல் வகைப் பியர் அழிந்துவிடக் கூடாது என்று கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். அந்தப் பியர் இன்றும் அங்கே கிடைக்கிறது. நாங்கள் கேட்பது அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

எங்கள் பக்கத்திலிருந்து இனிமேல் இப்படி. ஒவ்வொரு சுவைக் குறிப்பிலும் பியர் அடைத்த தேதி, குடித்த தேதி, குளிரில் இருந்ததா வெளியில் இருந்ததா என்ற மூன்றையும் எழுதுவோம். வயதான கேன் என்றால் அதையும் சொல்லி, கிடைத்தால் புதியதையும் குடித்துப் பார்த்த பிறகே மதிப்பெண் போடுவோம். தேதி இல்லாத பியரைப் பற்றியும் எழுதுவோம். ஆனால் மதிப்பெண் இருக்காது, அந்த இடத்தில் 'தேதி இல்லை' என்று மட்டும் இருக்கும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாருடைய உழைப்பையும் தெரியாமல் தாழ்த்திவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

அடுத்த வெளியீட்டுச் செய்தி அனுப்பும்போது சிலேடைக்குக் கீழே தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். கேன் வந்த அன்றே திறந்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்

பி.கு.: தேதி போட முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், லேபிள் வரைகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கறுப்புக் கேனில் கறுப்பு மை வேண்டாம்.